புல் மருந்து: ஆய்வுகூடத்திலிருந்து லயத்துக்கு வந்த நஞ்சு

பெரகல சந்தியிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறினாலும், கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினாலும், இருபுறமும் தேயிலை மலைகளே. இந்த மலைகளில் வேலை செய்து ஐம்பது வயதைக் கடந்த எவரிடமும் 'கிரமக்சோன்' என்று சொல்லிப் பாருங்கள். உடனே புரிந்துகொள்வார். காலையில் அடித்தால் மாலைக்குள் புல் வாடிவிடும் என்பார். அதைச் சொன்ன வாயாலேயே, அந்த மருந்தால் உயிர் போன ஒருவரைப் பற்றியும் சொல்லுவார்.

கிரமக்சோன் என்பது வியாபாரப் பெயர். அதிலுள்ள இரசாயனத்தின் பெயர் பரகுவாட். இலங்கையில் இது இப்போது தடை செய்யப்பட்டது. அப்படியானால் இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணங்கள் இரண்டு. முதலாவது, பழைய போத்தல் ஒன்று எந்த லயத்தின் அட்டாலியிலும் மறந்து கிடக்கலாம். இரண்டாவது, அந்த மருந்து நமக்குக் கற்றுத்தந்த பாடங்கள் இன்று அடிக்கும் மருந்துகளுக்கும் பொருந்தும்.

ஆய்வுகூடத்தில் பிறந்தது

பரகுவாட் முதலில் புல் மருந்தாக உருவாக்கப்படவில்லை. 1882இல் இரசாயன அறிஞர்கள் இதை முதன்முதலில் தயாரித்தார்கள். 1933 முதல் 'மீதைல் வயலோஜன்' என்ற பெயரில் ஆய்வுகூடங்களில் ஒரு நிறங்காட்டியாகப் பயன்பட்டது. நிறமற்ற இதன் கரைசலுக்கு ஓர் இலத்திரன் கிடைத்தால் நீல நிறமாகும். காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டதும் அந்த இலத்திரனைக் கொடுத்துவிட்டு மீண்டும் நிறமற்றுப் போகும். இன்றும் ஆய்வுகூடங்களில் இதே வேலைக்கு இது பயன்படுகிறது. அங்கே கையுறையும் கண் கவசமும் அணிந்து, பெயர்ச்சீட்டு ஒட்டிய சிறு குப்பியிலிருந்து அளந்துதான் எடுப்பார்கள்.

1955இல் ஐ.சி.ஐ. என்ற ஆங்கிலேய நிறுவனத்தார் இதற்குப் பச்சை இலையைக் கருக்கும் சக்தி இருப்பதைக் கண்டார்கள். 1962இல் இது சந்தைக்கு வந்தது. ஆய்வுகூடத்தில் துளிக் கணக்கில் கையாண்ட பொருள், தோட்டத்து ஸ்டோரில் கான் கணக்கில் வந்து இறங்கியது. பொருள் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த கவனம்தான் மாறியது.

புல்லையும் நுரையீரலையும் கெடுக்கும் விதம்

வெயில் படும்போது இலைக்குள் இலத்திரன்கள் ஓடுகின்றன. செடி உணவு தயாரிப்பது அந்த ஓட்டத்தால்தான். பரகுவாட் அவற்றை இடையில் பறித்து ஒட்சிசனுக்குக் கொடுக்கிறது. அப்போது உண்டாகும் கெட்ட வகை ஒட்சிசன் இலையின் கலங்களைக் கிழிக்கிறது. கொடுத்து முடித்த பரகுவாட் மறுபடியும் பறிக்கத் தயாராகிவிடும். அதனால்தான் சிறிதளவு மருந்தும் பெரிய சேதம் செய்கிறது. வெயிலில் அடித்த புல் விரைவாகக் கருகுவதன் காரணமும் இதுவே.

மனித உடலில் இதே வேலை நுரையீரலில் நடக்கிறது. உடலுக்குத் தேவையான வேறு சில பொருள்களை உள்ளே எடுக்கும் வழியாகவே நுரையீரலின் கலங்கள் பரகுவாட்டையும் இழுத்துக்கொள்கின்றன. அங்கே ஒட்சிசனுக்குக் குறைவே இல்லை. கலங்கள் சிதைந்து நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிறது. சிறுநீரகமும் ஈரலும் கெடுகின்றன. மூச்சுத் திணறுபவருக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஒட்சிசன்கூட இங்கே தீங்கை அதிகமாக்கக்கூடும். ஆகவே வைத்தியர்கள் அதை மிகவும் யோசித்தே கொடுப்பார்கள். இந்த நஞ்சை முறிக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

இதிலுள்ள பெரிய ஏமாற்றம் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். விழுங்கியவருக்கு முதலில் வாந்தியும், வாயிலும் தொண்டையிலும் புண்ணும் வரும். பிறகு இரண்டொரு நாள் தேறிவிட்டது போலத் தோன்றும். "இனிப் பயமில்லை" என்று வீட்டார் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதன் பின்புதான் மூச்சு வாங்கத் தொடங்கும். அப்போது செய்யக்கூடியது மிகக் குறைவு.

பிளேன்டீ நிறத்தில் ஒரு போத்தல்

ஆரம்ப காலத்தில் இந்த மருந்து கடுங்கபில நிறமாக இருந்தது. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தால் கொக்கோகோலா போலவோ, பிளேன்டீ போலவோ தெரியும். தாகத்தில் எடுத்துக் குடித்தவர்கள் உலகின் பல நாடுகளிலும் இறந்தார்கள். அதன் பிறகே நீலச் சாயமும், கெட்ட மணமும், வாந்தி வரவழைக்கும் பொருளும் சேர்த்தார்கள்.

இந்த மரணங்களுக்கு வழி செய்தது போத்தல் மாற்றும் பழக்கமே. "ஸ்டோரிலிருந்து கொஞ்சம் வாங்கி வந்தேன், மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்க" என்று சொல்லிக் குடிபானப் போத்தலில் கொண்டுவருவது இன்றும் முற்றாக நின்றுவிடவில்லை. பிள்ளைக்குப் பெயர்ச்சீட்டு வாசிக்கத் தெரியாது. போத்தலின் வடிவம்தான் தெரியும்.

தடை தந்த பலன்

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யாத மருந்தை விற்க முடியாது. மிகக் கொடிய மருந்துகள் 1984 முதல் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. பரகுவாட்டின் செறிவு முதலில் 20 வீதத்திலிருந்து 6.5 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெதோயேட், பென்தியன் ஆகியவற்றுடன் அதுவும் படிப்படியாகத் தடை செய்யப்பட்டது.

1995இல் நம் நாட்டில் ஒரு இலட்சம் பேரில் ஏறக்குறைய 47 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்தார்கள். உலகின் மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. பத்து ஆண்டுகளுக்குள் அது பாதியளவாகக் குறைந்தது. கொடிய மருந்துகள் கைக்கெட்டாமல் போனது இதற்கு முக்கிய காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். சண்டையிலும் அவமானத்திலும் எழும் அந்த ஒரு நிமிட எண்ணம் பெரும்பாலும் கடந்து போகக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் ஓர் உயிர் பிழைக்கிறது. ஆகவே ஸ்டோரின் பூட்டு களவைத் தடுப்பதற்கு மட்டுமானது அல்ல. மனம் உடைந்த ஒருவர் உங்கள் லயத்தில் இருந்தால் அவரோடு இருந்து பேசுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையையும் அழைக்கலாம்.

இன்று அடிக்கும் மருந்துகள்

கிளைபோசேட் 2015இல் நாடெங்கும் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அது பரகுவாட் அளவுக்கு உடனடியாகக் கொல்வதில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015இல் அதைப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ள பொருள்களில் சேர்த்தது. வேறு சில நாடுகளின் அதிகாரசபைகள் அந்த முடிவை ஏற்கவில்லை. அறிஞர்கள் வாதிடட்டும். மருந்தடிப்பவர் தன் தோலைக் காத்துக்கொள்ள அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மருந்தடிப்பவர் கவனிக்க வேண்டியவை

1. மருந்தை அதன் சொந்தக் கானிலேயே வைத்திருங்கள். பெயர்ச்சீட்டைக் கிழிக்காதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் கணக்கப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள்.

2. அதிக ஆபத்து கலக்கும் நேரத்தில்தான். அப்போது மருந்து செறிவாக இருக்கும். இறப்பர் கையுறை போட்டு, வெளியில் நின்று, தடியால் கலக்குங்கள். கையால் ஒருபோதும் கலக்காதீர்கள்.

3. முதுகில் ஒழுகும் டாங்கியைச் சுமக்காதீர்கள். திருத்திக் கேளுங்கள். சாக்கைப் போர்த்திக்கொண்டால் அது மருந்தை உறிஞ்சி நாள் முழுவதும் தோலோடு ஒட்டி வைத்திருக்கும். அதைவிடப் பொலித்தீன் விரிப்பு நல்லது. புண் உள்ள தோலில் மருந்து சுலபமாக உள்ளே போகும்.

4. நொசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள்.

5. நம் பக்கத்தில் காற்று பலம். ஹப்புத்தளைக் கணவாய் வழியாக அது எப்படி வீசும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்று எழும் முன் காலையில் அடியுங்கள். காற்றுக்கு எதிர்முகமாக நடக்காதீர்கள். அதே மலையில் கொழுந்து எடுப்பவர்கள் இருக்கக் கூடாது.

6. வெற்றிலை போடுவதும் தேத்தண்ணி குடிப்பதும் கை கழுவிய பிறகே. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். குடிதண்ணீர் எடுக்கும் பீலியில் டாங்கியைக் கழுவாதீர்கள். கீழே இன்னொரு லயம் இருக்கிறது.

7. வெறும் கானை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை டாங்கியிலேயே ஊற்றி, கானில் ஓட்டை போட்டு ஸ்டோரில் ஒப்படையுங்கள். எத்தனை முறை கழுவினாலும் அது மண்ணெண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது.

ஆபத்து நேர்ந்தால்

தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, வைத்தியரிடம் காட்டுங்கள்.

விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர், முட்டை, எண்ணெய் என்று எதையும் புகட்ட வேண்டாம். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது வரத் தாமதமானால் கிடைக்கும் வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்துக் கானையோ பெயர்ச்சீட்டையோ கையோடு கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் வைத்தியர்கள் கொழும்பிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்தோடு கலந்து உடனே சிகிச்சை தொடங்கலாம். பரகுவாட் களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது. ஆகவே அதற்கென்றே உள்ள ஒரு வகை மண்ணையோ கரித்தூளையோ அங்கே கொடுப்பார்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம். "இப்போது சுகமாக இருக்கிறது" என்று சொன்னாலும் வைத்தியர் அனுப்பும்வரை திரும்ப வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது

மாதர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். லயம் லயமாகப் போய், அட்டாலியிலும் கோழிக்கூட்டின் மேலும் பழைய போத்தல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்டால் திறக்காதீர்கள், கானில் ஊற்றாதீர்கள், எரிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, தோட்ட நிர்வாகத்துக்கோ விவசாயப் போதனாசிரியருக்கோ அறிவியுங்கள். கையுறையும் ஒழுகாத டாங்கியும் தோட்டம் தரும் தயவு அல்ல. கொழுந்துக் கூடையைப் போல அவையும் வேலைக்குரிய சாமான்கள். பெரட்டில் நின்று ஒருமித்துக் கேளுங்கள். ஆண்டவர் தந்த மூச்சைக் காப்பதும் நம்முடைய வேலைதான்.