நான்கு புறமும் அளந்தால் நிலம் அளந்ததாகுமா?

நிலத்தைக் குத்தகைக்குப் பேசும்போதும், விலைக்கு வாங்கும்போதும், குட்டை வெட்டிக் கூலி கொடுக்கும்போதும் நமது கிராமங்களில் இன்றும் கையாளப்பட்டுவரும் சில கணக்குகள், உள்ளதற்கு மேற்பட்ட தொகையையே எப்பொழுதும் காட்டுகின்றன. பிழையென்றால் ஒரு சமயம் கூடுவதும் மறு சமயம் குறைவதும் இயல்பு. ஒரே பக்கமாகச் சாயும் பிழையோ அத்தகையதன்று. அதனால் ஒரு சாரார் ஓயாமல் நஷ்டமடைகின்றனர். அளவுக்குப் பணங்கொடுக்கும் குத்தகைக்காரரும் நிலம் வாங்குவோருமே அந்தச் சாரார்.

முதலில் வயலை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர் வரப்புகளைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு பாதிகளையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பரப்பு இன்னதென்று சொல்லிவிடுவது வழக்கம். நான்கு மூலைகளும் சதுர மூலைகளாயிருந்தால் இது சரியே. ஆனால் வாய்க்கால் போன போக்கில் அமைந்த வயலுக்குச் சதுர மூலை ஏது? நான்கு வரப்புகளும் 100 அடி வீதமுள்ள ஒரு வயலுக்கு மேற்படி கணக்கு 10,000 சதுர அடி என்று கூறும். அவ்வயலே சற்றுச் சாய்ந்து, மூலைக்கு மூலை 160 அடியும் 120 அடியுமாக இருக்குமானால், உண்மைப் பரப்பு 9,600 சதுர அடிதான். இன்னும் சாய்ந்து குறுக்களவுகள் 192 அடியும் 56 அடியுமாகுமானால், பரப்பு 5,376 சதுர அடியாகச் சுருங்கிப்போகும். மூன்று வயல்களிலும் வரப்பின் நீளம் ஒன்றே! வரப்போரமாகக் கயிறு பிடித்து வருவதால் மட்டும் பரப்பு தெரிந்துவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

400 சதுர அடி அற்பந்தானே என்று சிலர் கூறலாம். தஞ்சைப் பகுதியில் 12 அடிக் கோலால் அளந்த குழிக்கு 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஆகவே அந்த 400 அடி மூன்று குழிக்குச் சற்றுக் குறைவு. சாய்வு அதே விகிதத்திலிருந்தால், ஏக்கர் என்று பேசிய நிலத்தில் நான்கு சென்ட் வெறுங்கணக்கே. அந்த நான்கு சென்டுக்கும் ஆண்டுதோறும் குத்தகை உண்டு. விதையும் உரமும் உண்டு. நடவுக்கூலியை ஏக்கர் கணக்கில் பெறுவோருக்கு இதனால் சிறிது அனுகூலம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் பிழையான அளவைக்கொண்டு ஏழைத் தொழிலாளிக்கு உதவுவதைவிடக் கூலியை உயர்த்திக் கொடுப்பதே நேர்மை.

இந்த ஊழல் நம் முன்னோர் அறியாததன்று. கி.பி. 628-ல் பிரம்மஸ்புட சித்தாந்தத்தை இயற்றிய பிரம்மகுப்தர், எதிர்ப் பக்கங்களின் பாதிகளைப் பெருக்கி வருவது ஸ்தூலமான பரப்பே என்று கூறிச் சூக்ஷ்மமான பரப்பினின்றும் அதனைப் பிரித்துக் காட்டினார். 1150-ல் லீலாவதியை எழுதிய பாஸ்கராச்சாரியார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். குறுக்களவோ செங்குத்தளவோ கூறாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனைப் பிசாசு என்றார். அதற்கு விடை கூற முன்வருபவனை அதற்கும் மேற்பட்டவன் என்றார்! கணித நூலில் இத்தகைய கோபம் அபூர்வம்.

பரிகாரம் கடினமானதன்று. மூலைக்கு மூலை ஒரு கயிற்றைக் கட்டினால் வயல் இரண்டு முக்கோணமாகிறது. எஞ்சிய இரு மூலைகளிலிருந்தும் கயிற்றுக்குச் செங்குத்தான தூரங்களை அளந்து, கூட்டிப் பாதியாக்கி, கயிற்றின் நீளத்தால் பெருக்கவேண்டியதே. முதலில் கூறிய சாய்ந்த வயலில் கயிறு 160 அடி, இருபுறத் தூரமும் 60 அடி வீதம், விடை 9,600. சர்வே இலாகாவின் புலப்படமும் குறுக்குக் கோடுகளால் நிலத்தைப் பிரித்துக் காட்டுவதுதான். அதனை இப்போது இணைய வழியிலேயே பெறலாம். பட்டாவைப் பத்திரமாகப் பெட்டியில் பூட்டிவைப்போரில் எத்தனை பேர் புலப்படத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்?

குவியலின் கணக்கிலும் இதே சாய்வு உண்டு. சுற்றளவில் ஆறிலொரு பங்கைத் தன்னாலேயே பெருக்கி, பின் உயரத்தால் பெருக்குவது லீலாவதி கூறும் விதி. 36 அடிச் சுற்றும் 4 அடி உயரமுமுள்ள கூம்புக் குவியல் இதன்படி 144 கன அடி. உண்மையில் சுமார் 137½ கன அடியே. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தின் மும்மடங்கென்று கொண்டதால் வந்த வித்தியாசம் இது. தராசு வந்தபின் நெல்லுக்கு இவ்விதி தேவையில்லை. எருக்குவியலுக்கு விலை பேசுவோர் மறக்கலாகாது.

பெரிய நஷ்டம் குட்டையில்தான் நேருகிறது. மேல்விளிம்பில் 30 மீட்டர் சதுரமும் 2 மீட்டர் ஆழமுமாக ஒரு பண்ணைக்குட்டை வெட்டப்படுவதாகக் கொள்வோம். 30-ஐ 30-ஆல் பெருக்கி, ஆழத்தாலும் பெருக்கி, 1,800 கன மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். கரை சரியாதிருக்க, ஆழத்துக்கு ஒன்றரை மடங்கு சரிவு விட்டால், அடித்தளம் 24 மீட்டர் சதுரமாகவும் நடுமட்டம் 27 மீட்டர் சதுரமாகவும் குறுகும். மேற்பரப்பு 900, நடுப்பரப்பின் நான்கு மடங்கு 2,916, அடிப்பரப்பு 576, ஆக 4,392. இதை ஆழத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் 1,464 கன மீட்டர். கன மீட்டருக்கு இவ்வளவென்று கூலி பேசியிருந்தால், தோண்டாத 336 கன மீட்டர் மண்ணுக்கும் பணம் கொடுத்தாகிவிட்டது.

அத்துடன் தீரவில்லை. ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு 5 சென்டிமீட்டர் நீர் கட்ட 500 கன மீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர் வேண்டும். எழுதிய கணக்கை நம்புபவர் மூன்று தண்ணீர் போக மிச்சமும் உண்டென்று பயிர் வைப்பார். உள்ள நீரோ, ஆவியாவதையும் கசிவையும் கழிக்காமலே, மூன்றாவது தண்ணீருக்குப் போதாது. கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் அது தெரியவந்து என்ன பயன்?

ஆகவே, குட்டை வெட்டி முடிந்த அன்றே, நீர் புகுமுன், அடித்தளமும் நடுமட்டமும் நிலத்துக்குரியவரின் முன்னிலையில் அளக்கப்பட்டு, அளவுப் புத்தகத்தில் பதியப்பட்டு, அதன் நகல் அவர் கையில் கொடுக்கப்படவேண்டும். மேல்விளிம்பை மட்டும் குறித்துக்கொண்டு நீட்டும் காகிதத்தில் குடியானவர்கள் கையொப்பமிட மறுப்பார்களாக.