மேல்மாடத்தில் மறைந்திருந்த தொழில்

கைத்தொழில் ஒன்றின் பெருமையை அதன் விளைபொருளிற் காண்பதே உலக வழக்கு. கோயிற் சிற்பத்தைப் புகழ்வோர் சிற்றுளியை நினைப்பதில்லை. பட்டாடையை வியப்போர் தறியை எண்ணுவதில்லை. ஆயினும் உளியும் தறியும் அழிந்தொழிந்தால், எஞ்சிய சிற்பமும் ஆடையும் நூதனசாலைப் பொருள்களாகுமேயன்றி, அவை போன்ற மற்றொன்று பிறவாது. இவ்வுண்மையைத் தெளிவுற உணர்ந்த தொழிலாளர் ஒருவரின் வரலாற்றை வாசகர் முன் வைக்க விழைகின்றேன். அவர் சுவிற்சர்லாந்து நாட்டிலே, 'செனித்' என்னும் மணிக்கூட்டுத் தொழிற்சாலையிற் பணிபுரிந்த சார்ள்ஸ் வெர்மோ என்பார்.

பனி வளர்த்த தொழில்

சுவிற்சர்லாந்தின் மேற்கெல்லையில், யூரா மலைத்தொடரிலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் லெ லொக்கிள் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கே மாரிகாலம் நெடியது. பனி மூடிய நிலத்தில் உழவர்க்கு வேலையில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குதிரை வணிகன் ஒருவன் இலண்டனிலிருந்து கொணர்ந்த பழுதுற்ற மணிக்கூட்டை டானியேல் ஜான்றிஷார் என்னும் இளைஞன் திருத்திக் கொடுத்தானென்றும், பின்னர் வேண்டிய கருவிகளையும் தானே ஆக்கி அதுபோன்ற ஒன்றைச் செய்தானென்றும் அப்பகுதியில் ஒரு கன்னபரம்பரைக் கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அவர் லெ லொக்கிளிற் குடியேறி இளைஞர் பலருக்கு அத்தொழிலைப் பயிற்றியமை வரலாறு.

அதன்பின் உழவர் வீடுகள் பட்டறைகளாயின. ஒரு குடும்பம் பற்சக்கரம் அறுக்கும். மற்றொன்று திருகாணி கடையும். வேறொன்று முள் தீட்டும். வேலைமேசைக்கு ஒளி வேண்டுமாதலால் வீடுகள் வரிசையான சாளரங்களுடன் எழுந்தன. 1794இல் எரியுண்ட அயலூராகிய லா ஷோ-த-பொன், பின்னர் நேர்நேரான தெருக்களுடன் மீளக் கட்டப்பட்டது. அவ்வூர் முழுவதையும் ஒரே மணிக்கூட்டுத் தொழிற்சாலையாகக் கொள்ளலாம் என்னுங் கருத்தைக் கார்ல் மார்க்ஸ் தமது 'மூலதனம்' என்னும் நூலிற் கூறியுள்ளார். இவ்விரு நகரங்களையும் 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

ஒரு கூரையின் கீழ்

வீட்டுக்கு வீடு செய்யப்படும் உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்துவது எளிதன்று. இக்குறையைக் கண்ட ஜோர்ஜ் பாவ்ர்-ஜாக்கோ என்பார், தமது இருபத்திரண்டாம் வயதில், 1865ஆம் ஆண்டு, லெ லொக்கிளில் ஒரு தொழிற்சாலையை நிறுவி, பல்வேறு வினைஞரையும் ஒரு கூரையின் கீழ்க் கூட்டினார். அந்நிறுவனமே பின்னர் 'உச்சி வானம்' எனப் பொருள்படும் செனித் என்னும் பெயரைப் பூண்டது.

இவ்விடத்து மணிக்கூட்டின் இயல்பைச் சிறிது விளக்குதல் தகும். முறுக்கிய உருக்கு வில் தன் வலிமையை ஒருங்கே விட்டுவிடவே முயலும். அதனைத் தடுத்துச் சிறுகச் சிறுக அளந்து விடுதலே மணிக்கூட்டுக் கலையின் உயிர்நிலை. மயிரிழை போன்ற மற்றொரு வில்லோடு இணைந்து, இடமும் வலமும் ஊசலாடும் சிறு சக்கரமே அவ்வளவையைச் செய்கின்றது. வெப்பம் மிகினும், மணிக்கூட்டைக் கிடத்தினும் நிறுத்தினும் அவ்வூசலாட்டம் மாறுபடும். அம்மாறுபாட்டை விநாடியின் சிறு கூறளவுக்குக் குறைப்பவன், பல்லாண்டுப் பயிற்சி பெற்ற வினைஞன். நொஷாத்தெல் வானாய்வு நிலையம் நடத்திய நுண்மைப் போட்டிகளிலே, 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ச்சியாகச் செனித்தின் '135' என்னும் பொறி முதற்பரிசு பெற்றமை அத்தகைய கைகளின் திறத்தாலேயாம்.

1969 சனவரி 10ஆம் நாள் அந்நிறுவனம் 'எல் பிறிமேறோ' என்னும் புதிய பொறியை அறிவித்தது. 'முதலாவது' என்பது அதன் பொருள். அணிவோரின் கையசைவால் தானே முறுக்கேறுவதும், வேண்டியபோது ஓடவிட்டு நிறுத்தத்தக்க தனி முள்ளுடையதுமான அது, மணிக்கு 36,000 அதிர்வுகள் கொண்டது. விநாடிக்குப் பத்து அதிர்வாதலால், விநாடியின் பத்திலொரு கூற்றையும் அளக்க வல்லதாயிற்று. அதே ஆண்டில் வேறு சுவிஸ் நிறுவனங்கள் சிலவும், யப்பானியரும் இவ்வகைப் பொறிகளை வெளியிட்டனர். முதன்மை எவர்க்குரியது என்னும் வழக்கு இன்றுந் தீர்ந்தபாடில்லை.

படிகக்கல்லின் வருகை

அவ்வாண்டு திசம்பர் 25ஆம் நாள், தோக்கியோ நகரில், செய்கோ நிறுவனம் மின்கலத்தால் அதிரும் படிகக்கல்லைக் கொண்டு இயங்கும் கைமணிக்கூட்டை விற்பனைக்கு வைத்தது. ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஐந்து விநாடியே அது பிழைத்தது. சிறந்த பொறி மணிக்கூடுகள் நாளொன்றிலேயே சில விநாடி பிழைப்பன. விலையும் ஆண்டுதோறும் வீழ்ந்தது. 1970இல் சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். பதினைந்தாண்டுகளுக்குள் அத்தொகை மூன்றிலொரு பங்களவாகச் சுருங்கிற்று.

1971இல் செனித், அதே பெயர் கொண்ட சிக்காகோ வானொலி நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. 1975இல் ஆணை வந்தது: பொறி மணிக்கூடுகளைச் செய்தல் நிறுத்தப்படும்; கருவிகள் பழைய இரும்பாக விற்கப்படும். கணக்குப் பார்ப்போர்க்கு அவ்வாணை தவறாகத் தோன்றியிராது. விற்பனையாகாத பொருளின் கருவிக்கு எடைக்கேற்ற விலையன்றி வேறென்ன விலை?

பட்டறைத் தலைவராயிருந்த வெர்மோ, அம்முடிவை மாற்றுமாறு மேலிடத்துக்கு எழுதினார். பயன் விளையவில்லை. பின்னர், தொழிற்சாலையின் மேல்மாடத்துக்கு அழுத்தப் பொறிகளையும் வெட்டச்சுகளையும் அளவைக் கருவிகளையும் சிறிது சிறிதாகக் கொண்டுசென்று மறைத்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டுக் கட்டினார். எது எதற்குரியது, எம்முறையில் வேலை நிகழவேண்டும் என்பவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். கருவி மூலமென்றால் குறிப்பேடு அதற்கு உரை. உரை மறைந்த மூலத்தை வைத்துக்கொண்டு இடர்ப்படுவதன் துன்பத்தைத் தமிழ் படித்தோர் நன்கறிவர். வெர்மோ இரண்டையுஞ் சேர்த்தே காத்தார்.

செஞ்சோற்றுக் கடன்

எசமானின் ஆணையை மீறுதல் அறமாமோ என்று மாணவன் ஒருவன் வினவக்கூடும். வினவுதல் நன்றே. எவருடைய சோற்றை உண்கிறோமோ அவர்க்கு நன்றியுடையராதல் நம் முன்னோர் போற்றிய நெறி. ஆனால் வெர்மோ எதனையுந் தம் வீட்டுக்குக் கொண்டுசெல்லவில்லை. எதனையும் விற்றுப் பொருளீட்டவில்லை. தொழிற்சாலையின் பொருள் தொழிற்சாலையின் கூரையின் கீழேயே இருந்தது. ஒருவர் சில ஆண்டுகளுக்கு உடைமையாளராயிருந்தார் என்பதனால், நூறாண்டுகளாகப் பலர் தேடிய அறிவை அழிக்கும் உரிமையும் அவர்க்கு உண்டாகிவிடுமோ? வெர்மோவுக்குச் சோறிட்டது சிக்காகோ முதலாளி மட்டுமன்று, அத்தொழிலுமாம். அக்கடனையே அவர் தீர்த்தார் என்பது என் துணிபு.

1978இல் நிறுவனம் மீண்டுஞ் சுவிஸ் நாட்டவர் கைக்கு வந்தது. பொறி மணிக்கூடுகளை விரும்புவோரும் மெல்லமெல்லப் பெருகினர். எல் பிறிமேறோவை மீளச் செய்ய முனைந்தபோது, மறைவிடத்திலிருந்த கருவிகளும் குறிப்பேடுகளுங் கைகொடுத்தன. அவை இல்லையெனில், பெரும்பொருளும் பல்லாண்டுகளும் செலவிட்டு முதலிலிருந்தே தொடங்க நேர்ந்திருக்கும். 1984இல் அப்பொறியின் ஆக்கம் மீளத் தொடங்கிற்று. 1988இல் பெரும்புகழ் வாய்ந்த றோலெக்ஸ் நிறுவனமே, அதன் அதிர்வை மணிக்கு 28,800 ஆகக் குறைத்து, வேறு மாற்றங்களுஞ் செய்து, தன் 'டேற்றோனா' மணிக்கூட்டில் அமைத்துக்கொண்டது; 2000ஆம் ஆண்டுவரை அவ்வழக்கம் நீடித்தது. இரும்பு விலைக்குப் போகவிருந்த கருவிகள் பிறந்த ஊருக்குப் பிழைப்பும் புகழுந் தந்தன.

இவ்வகை மணிக்கூடுகள் ஆசிரியனின் பல மாதச் சம்பளத்துக்கும் எட்டாதவை. அவற்றை அணிவோரிற் பலர் காலத்தைக் காண்பதினும் செல்வத்தைக் காட்டவே அணிகின்றனர் என்பதும் பொய்யன்று. காலத்தைச் செவ்வனே அறிய வேண்டுமாயின் மலிவான படிகக்கல் மணிக்கூடே போதும். ஆதலின் புதுமை வென்றது தவறென்று யான் கூறேன். புதியது சிறந்ததாயின் அதனை ஏற்றல் அறிவுடைமை. பழையதன் செய்முறையை வேரோடு அழித்தல் அதனின் வேறானது. அது எதிர்காலத்தார் தெரிவை நாமே பறித்துவிடுதலாகும்.

பொறி மணிக்கூட்டுக் கைவினையை 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் பொதுவான மரபுச் செல்வமாகப் பட்டியலிற் சேர்த்தது. பட்டியலும் பட்டயமும் நன்றே. ஆயினும் அவை வந்தது, காக்கப்பட வேண்டியது காக்கப்பட்ட பின்னர். விலை போகாத காலத்தில் அதன் மதிப்பை அறிந்தவர், பட்டறையில் அதனோடு நாள்தோறும் பழகிய ஒருவரே. எத்தொழிலாயினும் எக்கலையாயினும், அதனைக் கைவிடுமுன் அதிற் கைதேர்ந்தாரை ஒருமுறை கேட்டல் கற்றறிந்தோர் கடனாகும்.