இரவு பதினொன்றுக்குத் தெளியும் தலை

போன மார்கழியில் தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். ஒரு நாள் நள்ளிரவு ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போனால், அடுப்படியில் விளக்கு எரிகிறது. அஞ்சறைப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அலமாரி டப்பாக்களையெல்லாம் தரையில் இறக்கி, பருப்பு ஒரு வரிசை, மாவு ஒரு வரிசை என்று அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“தூங்கலையாடி?” என்றேன்.

“இப்பதாங்க்கா தலை தெளிவா இருக்கு. பகல்ல எதை எடுத்தாலும் பாதியில நிக்குது.”

விடிந்ததும் மூன்று அலாரம் அடித்தது. மூன்றையும் கண்ணைத் திறக்காமலே அணைத்தாள். ஏழேகாலுக்கு அலறியடித்து எழுந்தபோது பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது, டிபன் பாக்ஸின் மூடியைக் காணவில்லை, தோசைக்கல்லில் தோசை கருகுகிறது. அன்று மாலை போனில் அம்மா சொன்னது, எங்கள் வீட்டில் இருபது வருடமாகச் சொல்லப்படுவது: “சீக்கிரம் படுத்தா சீக்கிரம் எந்திரிக்கலாம். இதுல என்ன கஷ்டம்?”

கஷ்டம் இருக்கிறது. சோம்பேறி என்ற பெயரைச் சுமந்துகொண்டு அதை அனுபவிக்கிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர்.

மகனைக் காட்டப் போன இடத்தில்

தங்கைக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது அவளுடைய முப்பத்தாறாவது வயதில்தான் தெரிந்தது, அதுவும் மகன் மூலமாக. வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று ஆசிரியை சொன்னதால் அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மருத்துவர் மகனைப் பற்றிக் கேட்கக் கேட்க, எல்லாம் தன்னைப் பற்றியே கேட்பதுபோல இருந்ததாம். கவனச்சிதறலும் மிகைத்துடிப்பும் சேர்ந்த இந்தக் குறைபாடு குழந்தைகளுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்கிறோம். பெரியவர்களிலும் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு இது இருக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். பெண் பிள்ளைகளில் ஓட்டமும் குதியும் வெளியில் தெரியாமல், மறதியாகவும் பகற்கனவாகவும் மட்டும் இருப்பதால் பலர் கண்ணுக்குப் படாமலே வளர்ந்துவிடுகிறார்கள்.

மருத்துவர் கேட்ட கேள்விகளில் பாதி தூக்கத்தைப் பற்றியவை. ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களில் பெரும்பாலோருக்குத் தூக்கத்தில் ஏதாவது ஒரு தொல்லை இருக்கிறது. படுத்தால் தூக்கம் வராது, வந்தால் விழிக்க முடியாது.

தாமதமாக ஓடும் கடிகாரம்

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. அதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். உயிரணுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலோருக்கு இந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். அப்படியே விட்டுவிட்டால் நாளுக்கு நாள் பின்தங்கும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டு, தினமும் அதை நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சாயங்காலம் இருட்டத் தொடங்கிய பிறகு பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. அது ஆளை அடித்துப் போடும் மயக்க மருந்து அல்ல, ‘ராத்திரி ஆகிவிட்டது’ என்று உடல் முழுக்கத் தெரிவிக்கும் தண்டோரா. அந்தச் சுரப்பு எழத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நமக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும்.

ஏ.டி.எச்.டி.யும் தூக்கம் வராத தொல்லையும் சேர்ந்துள்ள பெரியவர்களுக்கு இந்தச் சுரப்பு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகவே எழுகிறது என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அவர்களை இரவு பத்துக்குப் படுக்கச் சொல்வதும், மற்றவர்களை எட்டரைக்குப் படுக்கச் சொல்வதும் ஒன்றுதான். படுக்கலாம், தூக்கம் வராது. இன்னொன்றும் உண்டு. வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு முந்தைய இரண்டு, மூன்று மணி நேரத்தில் எல்லோருடைய மூளையும் நன்றாக விழிப்பாக இருக்கும். கடிகாரம் தாமதமானவர்களுக்கு அந்த நேரம் பத்து, பதினொன்றில் வந்து விழுகிறது. தங்கை “இப்பதான் தலை தெளிவா இருக்கு” என்றது சாக்கு அல்ல, அவள் உடல் சொன்ன உண்மை.

இதோடு வீட்டின் அமைதியும் சேர்ந்துகொள்கிறது. பகல் முழுக்க அம்மா, அம்மா என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தபின், யாரும் எதுவும் கேட்காத அந்த ஒரு மணி நேரத்தைத் தூங்கிக் கழிக்க மனம் வராது. எனக்குத் தெரிந்த பல பெண்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆசையைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. பகலில் அவர்களுக்கென்று அரை மணி நேரமாவது விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் வீட்டிலிருக்கும் மற்றவர்கள்.

காபியையும் சொல்லியாக வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும், அதுதான் தூக்கச் சுமை. காபின் அதை மறைத்து வைக்கும். குடித்ததில் பாதி உடலைவிட்டு நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. ஐந்து மணி டிகிரி காபியில் பாதி, பத்து மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது.

குறட்டையும் கால் குடைச்சலும்

கவனம் நிற்கவில்லை, மறதி, எரிச்சல் என்றதுமே ஏ.டி.எச்.டி. என்று நாமே முடிவுகட்டக் கூடாது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியாவுக்கும் இதே அறிகுறிகள்தான். பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி மறுபடி இழுப்பது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்தால் கண் சொருகுவது ஆகியவை இருந்தால் தூக்கப் பரிசோதனை அவசியம். இதைப் பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும். சொல்லுங்கள். ஆப்னியாவைக் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், வண்டி ஓட்டும்போது கண்ணயரும். இதற்காகத் தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ளும் சிபாப் என்ற காற்றழுத்தக் கருவியை முறையாகப் பயன்படுத்துகிறவர்கள் பகலில் புது ஆளாக நடமாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் அதிகம் தவறவிடப்படுவது, என் கணிப்பில், கால் குடைச்சல். படுத்ததும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, இழுப்பதுபோல இருக்கும். ஆட்டினாலோ எழுந்து நடந்தாலோ அடங்கும், படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். ‘கொஞ்சம் காலை அமுக்கி விடு’ என்று பேரப்பிள்ளைகளிடம் கேட்கும் பாட்டிகளில் சிலருக்கு இதுவே இருந்திருக்கும். சுவீடன் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் 1945-ல் இதை விரிவாக விவரித்தார். உடலில் இரும்புச்சத்து குறைவது இதற்கு முக்கியமான காரணம். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இந்தக் கால் குடைச்சல் கூடுதலாகவே காணப்படுகிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பிலுள்ள இரும்பு குறைந்திருக்கலாம் என்பதால், ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்கள் கட்டாயம் கேளுங்கள். இரும்பு மாத்திரையை அளவு தெரியாமல் நாமாக விழுங்கக் கூடாது.

தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமும் தூக்கத்தைக் கெடுக்கும். மருத்துவர் அவற்றையும் பார்ப்பார்.

இரவைக் காலையில் சரிசெய்வது

தங்கையின் மருத்துவர் ‘சீக்கிரம் படு’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எழும் நேரத்தைத்தான் பிடிக்கச் சொன்னார். அவளால் எழ முடிந்த ஏழேகாலில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விதிவிலக்கு இல்லை. எழுந்ததும் வெளியே போய் அரை மணி நேரம் இருக்க வேண்டும். ஜன்னலோரம் போதாது. வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான், மேகமூட்டமான நாளிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் இருந்துகொண்டு இந்த மருந்தைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறோம். இரவு எட்டு மணிக்குமேல் டியூப்லைட்டை அணைத்து மங்கலான விளக்கைப் போடுவது இதன் மறுபாதி.

படுக்கைக்கு, அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் வகுத்த விதி இன்னும் நிற்கிறது. கண் சொக்கினால்தான் படுக்கப் போக வேண்டும். படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய், சலிப்பான வேலை எதையாவது மங்கல் வெளிச்சத்தில் செய்து, தூக்கம் வந்தபின் திரும்ப வேண்டும். புரண்டு புரண்டு படுத்தால், படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடும். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு நான் ஒன்று சேர்ப்பேன்: அந்த வேலை அலமாரி அடுக்குவதாக இருக்கக் கூடாது. சுவாரசியம் பிடித்துவிட்டால் விடியும்வரை நிறுத்த முடியாது. துணி மடிக்கலாம்.

தங்கைக்குப் படுக்கப் போவதற்கும் அலாரம் தேவைப்பட்டது. நேரம் போவதே தெரியாதவளுக்கு, பத்தரைக்கு அடிக்கும் மணிதான் இன்றைய நாளை மூடச் சொல்கிறது. போன் சார்ஜர் கூடத்துக்கு இடம் மாறியது. தலையில் ஓடும் ‘நாளைக்கு இதைச் செய்யணும்’களை எழுதித் தள்ள ஒரு நோட்டு வந்தது.

தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இந்த முறைகளை ஒழுங்காகக் கற்றுத் தருகிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. இருமுனை மனநோய் உள்ளவர்கள் மட்டும், இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியான, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதையும் பிரகாச ஒளி சிகிச்சையையும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடங்கக் கூடாது.

மாத்திரைகள்

மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் அல்பிரசோலம், குளோனசெபாம் வகை மாத்திரைகள் சீக்கிரம் பழக்கமாகிவிடும், முதியவர்களைத் தடுமாறி விழவைக்கும். ஏற்கெனவே பல மாதமாகச் சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கடிகாரம் தாமதமானவர்களுக்கு மெலடோனின் உதவும்போது, சிறிய அளவில், படுக்கும் நேரத்துக்கு வெகு முன்பே தரப்படுகிறது. எத்தனை மணிக்கு என்பதுதான் முக்கியம், அதனால் இதிலும் கைவைத்தியம் வேண்டாம்.

ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்பெனிடேட் தாமதமாகப் போட்டால் தூக்கத்தைத் தள்ளிப்போடும். ஆனால் சிலருக்கு, மருந்தால் மனம் அடங்குவதால் தூக்கம் நன்றாகவே வருகிறது. தூக்கம் கெட்டால் நீங்களாக நிறுத்தாமல் நேரத்தையும் அளவையும் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

தங்கை இப்போது பதினொன்றேமுக்காலுக்குத் தூங்குகிறாள். சில இரவுகள் இன்னும் ஒரு மணி ஆகிவிடுகிறது. போன மாதம் அம்மா அங்கே போயிருந்தார். ஆறரைக்கு எழுந்து மொட்டைமாடிக் கதவைத் திறந்து, துளசித் தொட்டிப் பக்கத்தில் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, அவளை எழுப்பப் போனாராம்.