டொமைன் பூங்காவின் பெட்டிமேடை

தொழில்வாரியாகச் சிதறிக் கிடக்கும் சங்கங்களால் பயனில்லை, சகல தொழிலாளரும் ஒரே மகாசங்கமாகத் திரளவேண்டும் என்னும் சித்தாந்தத்தோடு 1905-இல் சிகாகோவில் உதித்த உலகத் தொழிலாளர் சங்கத்தின் சிட்னிக் கிளை, 1914-இல் சொந்தப் பத்திரிகை தொடங்கி, ஞாயிறுதோறும் டொமைன் பூங்காவில் பெட்டிமேல் ஏறி நின்று பிரசங்கம் செய்து, கேட்க வந்தவரையெல்லாம் அங்கத்தினராக்க முயன்றது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை கோலோச்சிய அந்நாளில், நிறபேதமின்றி எவரையும் சேர்ப்போம் என்று அது அறிவித்ததே, என் அபிப்பிராயத்தில், அதன் மற்றச் சாகசங்களைவிடத் துணிச்சலானது.

கட்டாய ராணுவ சேவையை அது தீவிரமாக எதிர்த்துவந்த 1916-இல், தீவைப்புச் சதி முதலிய குற்றச்சாட்டுகளின்பேரில் அதன் அங்கத்தினர் 12 பேர் சிறைப்பட்டனர். அவர்கள் விசாரணைக்குக் காத்திருக்கையிலேயே, அக்டோபர் மாத வாக்கெடுப்பில் ஜனங்கள் கட்டாய ராணுவ சேவையை நிராகரித்தனர். அரசுத் தரப்பின் பிரதான சாட்சிகள் நம்பத்தகாதவர்கள் என்று விசாரணைக் கமிஷன் கண்டபின், 1920-இல் பத்துப் பேர் விடுதலையாயினர்.