படகுக்குள் எது எங்கே?

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள ஏதாவது ஒரு மீனவர் குப்பத்திற்கு மாலை வேளையில் சென்றிருக்கிறீர்களா? சென்றிருந்தால் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகு ஒன்று. அதனருகே மூன்று நான்கு பேர். கரையில் கிடக்கும் வலையை அவர்கள் படகினுள் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். மூட்டையைத் தூக்கிப் போடுவது போல மொத்தமாகப் போடமாட்டார்கள். முழம் முழமாக இழுத்து, மடித்து, அடுக்குவார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். "எப்படியும் கடலில் வீசப்போகும் வலைதானே, இதற்கு இவ்வளவு பாடா?" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும்.

அந்தப் படகின் நீளம் 8 முதல் 10 மீட்டர் இருக்கும். அகலம் 2 மீட்டருக்குச் சற்று முன்பின். இந்த இடத்திற்குள் நான்கு ஆட்கள், வலை, நங்கூரம், அதன் கயிறு, ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன்கள், குடிதண்ணீர், சோற்றுத் தூக்கு, விளக்கு எல்லாம் அடங்க வேண்டும். புறப்படுவது பெரும்பாலும் இருட்டில். படகோ ஒரு நொடியும் சும்மா இராது. வீட்டில் பேனா ஒன்று இடம் மாறினால் தேடி எடுத்துக் கொள்ளலாம். இங்கே தேடுவதற்கு நேரம் கிடைக்காது. ஆகவே படகில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு; அந்த இடத்திற்கு ஒரு காரணமும் உண்டு.

வலையிலிருந்தே தொடங்குவோம். செவுள் வலை என்பது கடலில் சுவர் போல நிற்கும் வலை. அதன் மேல் விளிம்புக் கயிற்றில் மிதவைகள் கோத்திருக்கும். கீழ் விளிம்புக் கயிற்றில் ஈயக் குண்டுகள் இருக்கும். மிதவை மேலே இழுக்க, ஈயம் கீழே இழுக்க, இடையில் நைலான் கண்ணிகள் விரிந்து நிற்கின்றன. அறியாமல் வரும் மீன் தலையை நுழைத்து, செவுளில் சிக்கிக் கொள்கிறது. பல துண்டுகளை இணைத்து இத்தகைய வலையை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமாகப் பயன்படுத்துவதுண்டு. ஒரு கிலோமீட்டர் சுவரை இரண்டு மீட்டர் அகலப் படகுக்குள் மடித்து வைக்க வேண்டும் என்றால் எப்படி வைப்பீர்கள்?

மீனவர்கள் வைக்கும் முறை இது. ஒருவர் மிதவைக் கயிற்றை மட்டும் ஒரு பக்கமாக வளைத்து வளைத்து அடுக்குவார். மற்றவர் ஈயக் கயிற்றை எதிர்ப்பக்கம் அடுக்குவார். கண்ணிகள் இடையில் தாமாகவே மடிந்து விழும். மிதவைப் பக்கமும் ஈயப் பக்கமும் எங்கும் ஒன்றையொன்று குறுக்கே தாண்டக் கூடாது. ஓரிடத்தில் தாண்டிவிட்டாலும் அந்த இடத்தில் வலை முறுக்கிக்கொண்டு இறங்கும். நீருக்குள் சுவருக்குப் பதிலாக ஒரு தடித்த கயிறு நிற்கும். கயிற்றில் மீன் சிக்குமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். அடுக்கின் மேலே இருக்கும் முனைதான் முதலில் கடலில் இறங்க முடியும். கல்யாண வீட்டில் கழுவி அடுக்கிய தட்டுகளை நினைத்துக் கொள்ளுங்கள்; கடைசியில் வைத்த தட்டு முதலில் கைக்கு வரும். கணிப்பொறியில் "ஸ்டாக்" என்று சொல்லும் அடுக்கும் இதே வகைதான். கடலிலிருந்து வலையை இழுக்கும்போது முதலில் வரும் முனை அடியில் போகிறது. கடைசி முனை மேலே வருகிறது. கரைக்கு வந்து மீன் கழித்து, கிழிசலைப் பார்க்க வலையை மணலில் இறக்கினால் வரிசை தலைகீழாகி விடும். மறுபடி படகில் ஏற்றும்போது இன்னொரு முறை தலைகீழாகி, பழைய வரிசையே திரும்பி வரும். ஒரு நூலும் நான்கு வண்ணக் காகிதத் துண்டுகளும் கொண்டு நீங்களே இதைச் சரிபார்க்கலாம்.

சரி, அடுக்காமல் கயிற்றை அப்படியே குவித்துப் போட்டால்தான் என்ன? சிக்கு விழும் என்பது அனுபவம். எப்படி விழுகிறது என்பதை 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டுப் பத்து நொடிகள் உருட்டினார்கள். பிறகு திறந்து, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். இப்படி ஒரு முறை இரண்டு முறை அல்ல, 3,415 முறை! 46 சென்டிமீட்டருக்குக் குறைவான நூலில் முடிச்சு ஏறக்குறைய விழவே இல்லை. ஒன்றரை மீட்டரைத் தாண்டிய நூலில் இரண்டுக்கு ஒரு முறை முடிச்சு விழுந்தது. மொத்தம் 120 வகை முடிச்சுகள் கிடைத்தன. யாரும் கை வைக்காமலே!

இதில் குற்றவாளி யார் தெரியுமா? நூலின் தனி முனை. பெட்டிக்குள் நூல் வளையம் வளையமாக விழுகிறது. முனையோ அருகிலுள்ள வளையங்களின் மேலும் கீழும் புகுந்து புகுந்து, சடை பின்னுவது போலப் பின்னிவிடுகிறது. இரண்டு முனைகளையும் கட்டிவிட்டால் கயிறு சுருண்டு சிக்கலாம். ஆனால் உண்மையான முடிச்சு விழ வழியில்லை. கயிற்றை வளைத்து வைத்தபின் முனையை எடுத்து ஓரமாகக் கட்டி வைப்பதன் பயன் இப்போது விளங்குகிறதல்லவா? பிஸ்கட் டின் ஒன்றில் அரை மீட்டர் நூலையும் பிறகு மூன்று மீட்டர் நூலையும் போட்டுக் குலுக்கி நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

வளைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கயிற்றை ஒரே திசையில் வட்டமாகச் சுற்றினால் சுற்றுக்கு ஒரு முறுக்கு அதில் ஏறுகிறது. விரைவாக இழுக்கும்போது அந்த முறுக்குகள் கூடிக் கொக்கி போல மடிந்து நின்றுவிடும். எட்டு என்ற எண்ணின் வடிவில் கிடத்தினால் ஒரு சுற்றில் ஏறிய முறுக்கு அடுத்த சுற்றில் இறங்கிவிடும்.

ஆயிரங்கால் தூண்டில் இன்னும் பொல்லாதது. நீண்ட தாய்க் கயிறு ஒன்று; அதிலிருந்து நூற்றுக்கணக்கான கிளை நூல்கள்; ஒவ்வொன்றின் நுனியிலும் கூரிய முள். ஒரு முள் தவறான வளையத்தில் மாட்டினால் கூடை முழுவதும் ஒரே பந்தாகி விடும். பல நாட்டுக் கடற்கரைகளிலும் இதற்கு ஒரே மாதிரியான விடை கண்டிருக்கிறார்கள்: கயிறு கூடையின் உள்ளே, முட்கள் வரிசையாகக் கூடையின் விளிம்பில். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் 19ஆம் நூற்றாண்டில் வீட்டுப் பெண்கள் தூண்டிலுக்கு இரை கோத்துக் கூடையில் அடுக்கினார்கள். ஒரு வரிசை முள் மறு வரிசையைத் தொடாதிருக்க இடையே புல்லைப் பரப்பினார்கள். கடலுக்குப் போனவர்களின் பெயரே வெளியில் தெரிந்தது. வேலையில் பாதி வீட்டு முற்றத்தில் நடந்தது!

சிக்கு என்பது வெறும் தொல்லை மட்டுமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். வலையை இறக்கும்போது படகு மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்ளுங்கள். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். கயிறும் அதே வேகத்தில் படகைவிட்டு வெளியேறும். வளையம் ஒன்றில் ஒருவரின் கால் அகப்பட்டால், அதை அவர் உணர்ந்து, காலை உருவ நினைப்பதற்குள் ஒரு நொடி போய்விடும். 2 மீட்டர் கயிறும் போய்விடும். படகின் அகலமே அவ்வளவுதான். ஆகவே வலை அடுக்கிய இடத்தில் யாரும் கால் வைத்து நிற்பதில்லை. கத்தியையும் பெட்டிக்குள் பூட்டி வைப்பதில்லை. இருட்டில் கை நீட்டினால் கிடைக்கும் ஓர் இடத்தில், உறையோடு, எப்போதும் அதே இடத்தில் இருக்க வேண்டும். உயிர்காப்புச் சட்டையும் அப்படியே. வலைக்கு அடியில் வைத்த சட்டை, கரையில் விட்டுவந்த சட்டைக்குச் சமம்.

இனி எடைக்கு வருவோம். கனமானவை தாழ்வாகவும் படகின் நடுக்கோட்டிலும் இருக்க வேண்டும் என்பது நீங்கள் பௌதிகப் பாடத்தில் படித்த புவியீர்ப்பு மையத்தின் கதைதான். அதை விரிக்க வேண்டியதில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் அதிகம் வராத ஒன்று உண்டு: இடம் மாறும் எடை. படகின் அடியில் 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்திற்கு வெறும் 5 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் நிற்கிறது என்று கொள்ளுங்கள். பாதம் நனையும் அளவுதான். ஆனால் அது 200 லிட்டர், 200 கிலோ! படகு இடப்பக்கம் சாய்ந்தால் இந்த 200 கிலோவும் இடப்பக்கம் ஓடும். சாய்வை இன்னும் அதிகமாக்கும். மூன்று ஆட்கள் எழுந்து ஒரே பக்கம் ஓடுவதற்கு ஒப்பான செயல் இது.

வீட்டிலேயே பார்க்கலாம். நீள்சதுரமான பிளாஸ்டிக் டிபன் டப்பா ஒன்றை வாளித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். அதற்குள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, ஒரு விளிம்பை விரலால் மெல்ல அமுக்கி விடுங்கள். தள்ளாடும். அந்தத் தண்ணீரை நீக்கிவிட்டு அதே எடைக்குக் கூழாங்கற்களைப் பரப்பிச் செய்யுங்கள். வேறுபாடு தெரியும். பிறகு கற்களை எடுத்துவிட்டு, டப்பாவின் நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பைக் களிமண் கொண்டு பதித்து, இருபுறமும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தள்ளாட்டம் வெகுவாகக் குறைந்திருக்கும். இந்தக் கேடு அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. அகலம் பாதியானால் ஒவ்வொரு பாதியிலும் அது எட்டில் ஒரு பங்காகும். இரண்டு பாதிகளையும் கூட்டினால் நான்கில் ஒரு பங்கு. குறுக்குவாக்கில் வைத்த தடுப்பு பக்கவாட்டுச் சாய்வுக்கு உதவாது என்பதையும் சோதித்துக் கொள்ளுங்கள்.

குவித்துப் போட்ட மீனும் தண்ணீரைப் போலவே வழுக்கி ஓடும். அதனால்தான் மீனைப் பெட்டிகளிலோ பலகைத் தடுப்புகளிலோ பிரித்து வைக்க வேண்டும் என்கிறார்கள். நம் பழைய கட்டுமரத்திற்கு இந்த வம்பே கிடையாது. அது கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. மேலே ஏறிய அலை இடுக்குகள் வழியாக வழிந்துவிடும். தண்ணீர் தேங்க உள்ளிடமே இல்லை! ஆனால் பொருள் வைக்கவும் உள்ளிடமில்லை. எல்லாவற்றையும் கட்டித்தான் வைக்க வேண்டும். குடைவான படகு வந்தபோது இடம் கிடைத்தது. இடத்தோடு தண்ணீர் இறைக்கும் வேலையும் வந்தது. இறைக்கும் டப்பாவைக் கயிறு போட்டுக் கட்டி வையுங்கள். தண்ணீர் புகும்போது முதலில் மிதந்து போவது அதுதான்.

சில்லறைச் செய்திகள் சில. நங்கூரத்தை அணியத்தில், அதாவது படகின் முன்தலையில் வைப்பதே முறை. தாழ்ந்த பின்பக்கத்திலிருந்து நங்கூரம் பாய்ச்சினால் அலை உள்ளே ஏறிவிடும். பாலிபுரப்பலீன் கயிறு நீரைவிட இலேசானது, மிதக்கும், நைலான் மூழ்கும். மிதக்கும் கயிற்றின் முனை ஒன்று படகுக்கு வெளியே தொங்கினால் போதும், என்ஜினின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; படகின் அடியில் தங்கும். ஆகவே கேனுக்கும் அடுப்புக்கும் இடையே தூரம் வேண்டும். திசைகாட்டியின் அருகில் இரும்புச் சாமான் எதையும் வைக்கக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா?

திரும்பி வரும் படகு, புறப்பட்ட படகு அல்ல. எண்ணெய் குறைந்திருக்கும், ஐஸ் கரைந்திருக்கும். வலை நனைந்து கனத்திருக்கும், மீன் சேர்ந்திருக்கும். எங்கே எடை கூடியிருக்கிறது என்று பார்த்து, கரையை நெருங்குமுன் மறுபடி ஒதுக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் மணலை அடைய முடியும். அப்போது அணியம் கனத்திருந்தால் படகு முன்னாலுள்ள பள்ளத்தில் மூக்கைக் குத்தும். பின்னால் வரும் அலை அதைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்துவிடும். எனவே பெட்டிகளைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, அவிழ்ந்தவற்றைக் கட்டி, அலைகளை எண்ணிக் காத்திருப்பார்கள். சிறிய அலை ஒன்று வந்ததும் அதன் முதுகில் படகு ஏறிக்கொள்ளும். மணல் தட்டுவதற்குச் சற்று முன்பு, பின்னால் இருப்பவர் என்ஜினை மேலே தூக்கிவிடுவார்.