டோக்கியோவா, கலிபோர்னியாவா?

டோக்கியோவில் ஒன்றும் கலிபோர்னியாவில் ஒன்றுமாக இரண்டு வேலைகள் ஒருங்கே தேடி வருமாயின், நம்மவர் இல்லங்களில் என்ன பேச்சு நடக்கும் என்பது நேயர்கள் அறியாததன்று. யென்னையும் டாலரையும் ரூபாயாக்கிப் பார்ப்போம், டாலர் வென்றுவிடும், வழக்கும் அத்துடன் முடிந்துவிடும். எனினும், சொந்த ஊரை விட்டு வந்து வேற்றுமொழியாரிடையே குடித்தனம் நடத்திப் பழகிய நமக்கு, சம்பளச் சீட்டில் ஏறாத வரவு செலவுகளும் உண்டென்பது தெரியும். அக்கணக்கைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

முதலில் குழந்தையின் கணக்கு. ஜப்பானில் ஆறு வயதுச் சிறுவன் முதுகில் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு தானே பள்ளிக்கு நடந்து போகிறான். வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பவர்கள் மாணாக்கர்களே. நண்பகல் உணவை வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து, முறைவைத்துப் பரிமாறுபவர்களும் அவர்களே. நம் வீட்டுப் பிள்ளைகள் தட்டைக் கழுவ வைக்கவே நாம் படும் பாட்டை எண்ணிப் பெருமூச்சு விடத் தோன்றுகிறது! பிறர்க்கு இடையூறாக இராதே என்பதே அங்கே குழந்தைக்குப் புகட்டப்படும் முதற்பாடம். வளர்ந்தவர்களிடத்தும் அப்பாடம் மறைவதில்லை. ரயிலில் உரக்கப் பேசுவோரைக் காண்பது அரிது. தவறவிட்ட பணப்பை காவற்சாவடிக்கு வந்து சேர்வது வியப்புக்குரிய செய்தியன்று. சாதாரண மனிதர் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருவதில்லை.

அமெரிக்கப் பள்ளிகளிலோ, துப்பாக்கிக்காரன் நுழைந்தால் கதவைத் தாழிட்டு ஒளிந்துகொள்வது எவ்வாறு என்று பிஞ்சுக் குழந்தைகளுக்கு ஒத்திகை நடத்துகின்றனர். 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும், 2022இல் டெக்சாஸ் மாநிலத்து யுவால்டியில் 19 குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெற்ற வயிறு பதறாமல் இருக்குமா?

வைத்தியச் செலவிலும் ஜப்பானின் தட்டே தாழ்கிறது. 1961 முதல் அங்கே அனைவர்க்கும் காப்பீடு உண்டு; நோயாளி பெரும்பாலும் பத்தில் மூன்று பங்கே கைப்பணத்திலிருந்து கொடுக்கிறார். மூன்று மாதங்களுக்கு மேல் தங்கும் அயல்நாட்டாரும் அக்காப்பீட்டில் சேர்ந்தாக வேண்டும். அமெரிக்காவில் உழைக்கும் வயதினர் பலருக்குக் காப்பீடு என்பது வேலையோடு ஒட்டிய சரக்கு. தொழில் விசாவில் சென்ற நம் இளைஞர் வேலையிழந்தால், பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு வேலையோ வேறு வழியோ தேடியாக வேண்டும். வேலை, காப்பீடு, தங்கும் உரிமை ஆகிய மூன்றும் ஒரே ஆணியில் தொங்குகின்றன.

இதுகாறும் படித்தவர், ஜப்பானே மேல் என்று பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார். சற்றுப் பொறுக்க வேண்டும்.

அளவிறந்த உழைப்பால் நேரும் மரணத்துக்கு 'கரோஷி' என்றொரு தனிச்சொல்லையே வழங்க நேர்ந்த நாடு அது. 2018இல் இயற்றிய சட்டம் மிகுநேர வேலைக்கு வரம்பு கட்டியது. நெருக்கடியான மாதத்தில் அது 100 மணிக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பதே அவ்வரம்பு! வரம்பே இதுவாயின் முன்பிருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இல்லத்தரசிக்கு எதிர்ப்படும் சுவர் எழுத்து. பேச்சு அத்துணைக் கடினமன்று. நம் மொழியிற்போலவே வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வந்து நிற்கும். ஆனால் அன்றாட வழக்கிற்கென அரசு வகுத்த சித்திர எழுத்துகள் 2,136. பள்ளிக்கூடத்துக் கடிதத்தைப் படிக்கவும் பிறர் துணை வேண்டும். வீடு தேடுவதும் எளிதன்று. அந்நாட்டு நீதி அமைச்சகம் 2016இல் நடத்திய ஆய்வில், வீடு தேடிய அயல்நாட்டாருள் ஏறக்குறையப் பத்தில் நால்வர், அயலார் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகக் கூறினர். இந்த மறுப்பின் சுவை நம்முள் சிலர் அறிந்ததே.

அப்படியாயின் அமெரிக்கா திறந்த வாசல், ஜப்பான் மூடிய வாசல் என்று சொல்லிவிடலாமா? 1923ஆம் ஆண்டைப் பாருங்கள். ஆங்கிலேயர் கைக்குத் தப்பி ஜப்பானில் அடைக்கலம் புகுந்த ராஷ் பிஹாரி போஸ் அவ்வாண்டில் ஜப்பானியக் குடிமகனானார். அதே ஆண்டில், அமெரிக்கப் படையிலேயே பணியாற்றிய பகத் சிங் திந்த், வெள்ளையர் அல்லர் என்ற காரணத்தால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியர்க்கு அக்கதவு 1946இல் திறந்தது. 1965இன் சட்டத்துக்குப் பின்னரே அகலத் திறந்தது. திறந்தபின் விளைந்த பயனையும் மறைக்கலாகாது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2021இல் அந்நாட்டின் துணைக் குடியரசுத் தலைவரானார். ஜப்பானிலோ, இந்தியர் மிகுந்து வாழும் நிஷி கசாய் பகுதி அமைந்த எடோகாவா வட்டத்தின் மன்றத்துக்கு இந்தியாவில் பிறந்த ஒருவர் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டதே பெருஞ்செய்தியாயிற்று.

இன்றைய நிலையோ மேலும் விந்தையானது. உயர்திறன் தொழிலாளர்க்குரிய மதிப்பெண் முறையில் 80 பெற்றவர், ஓராண்டிலேயே ஜப்பானின் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி 2017இல் வந்தது. அமெரிக்காவில் வேலைவழி வசிப்புரிமை, எந்த ஒரு நாட்டவர்க்கும் நூற்றுக்கு ஏழு பங்கு என்ற அளவில் பங்கிடப்படுவதால், இந்தியரின் வரிசை ஆண்டுக்கணக்காய் நீள்கிறது. இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாய்ச் சென்ற பிள்ளை, 21 வயதில் பெற்றோரின் வரிசையிலிருந்தே உதிர்ந்துபோகவும் கூடும். அங்கேயே பிறந்த பிள்ளைக்கு 1868ஆம் ஆண்டின் பதினான்காம் திருத்தம் குடியுரிமை அளிக்கிறது என்பது நெடுநாள் வழக்கு. எனினும், தற்காலிக அனுமதியில் தங்குவோரின் பிள்ளைகளுக்கு அதனை மறுக்கும் ஆணையொன்று 2025 ஜனவரியில் பிறந்து நீதிமன்றம் ஏறியது. டோக்கியோவில் பிறந்த நம் குழந்தைக்கோ அப்பேச்சே இல்லை. அங்கே குடியுரிமை குருதிவழிப்பட்டது.

ஆகவே, குழந்தை சிறிதாயிருக்கும் இல்லத்துக்கு ஜப்பானும், மண்ணில் ஊன்றித் தன் குரலைக் கேட்கச் செய்ய விரும்பும் பிள்ளைக்கு அமெரிக்காவும் ஏற்றவை என்பது நம் கருத்து.

எஞ்சியிருப்பது நம் கணக்கு. அதாவது பின்தங்கும் பெற்றோரின் கணக்கு. ஜப்பானில் உயர்திறன் தொழிலாளர் தம் தாய்தந்தையரை வரவழைக்கலாம். ஆனால் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பேணுதல் போன்ற காரணம் வேண்டும், வருமான வரம்பும் உண்டு. பேரனுக்கு ஏழு வயது நிரம்பினால் பாட்டிக்கு அங்கே வேலை முடிந்தது! அமெரிக்காவில் 21 வயது நிரம்பிய குடிமகன் பெற்றோரை நிரந்தரமாகவே அழைத்துக்கொள்ளலாம். அங்கே சென்றபின், கார் ஓட்டத் தெரியாத முதியவர் பல ஊர்களில் கடைத்தெருவைக் காணவும் மகனின் ஓய்வுநாளை எதிர்நோக்கி இருக்க வேண்டும். டோக்கியோவில் அவரே கைத்தடியுடன் நடந்து சென்று காய்கறி வாங்கி வருவார்.