நங்கூரக் கப்பலும் ஒரு எக்ஸெல் கணக்கும்

கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மிதக்கும் மேடையை ரிக் என்பார்கள். அது அலையில் நகர்ந்துவிடாமல் இருக்கப் பெரும்பாலும் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட நங்கூரங்களைச் சுற்றிலும் போடுவார்கள். இவற்றை ரிக் தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. ஒவ்வொரு நங்கூரத்தையும் சங்கிலியோடு தூரமாக இழுத்துச் சென்று இறக்குவதற்கென்றே தனிக் கப்பல்கள் உண்டு. கம்ப்யூட்டர் இதழில் கப்பலுக்கு என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது, படியுங்கள்.

இந்தக் கப்பல்களின் பலத்தை 'பொல்லார்டு புல்' என்ற அளவால் சொல்வார்கள். கரையில் உள்ள தூணில் கப்பலைக் கட்டி, முழு வேகத்தில் இழுக்கவிட்டு விசையை அளப்பார்கள். நார்வேயின் 'ஐலண்ட் விக்டரி' 2020-ல் 477 டன் இழுத்துச் சாதனை படைத்தது. இவ்வளவு பலம் தேவையா என்றால், தேவைதான். 76 மி.மீ. தடிமன் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 126 கிலோ. ஒரு கிலோமீட்டர் தொங்கினால் நூறு டன்னைத் தாண்டிவிடும்.

கப்பலை நேராக வைத்திருக்க ஒரு கம்ப்யூட்டர் உண்டு. ஜி.பி.எஸ்., கைரோ திசைகாட்டி, காற்று சென்சார் ஆகியவற்றின் தகவலை வாங்கி, பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர்களை நொடிக்கு நொடி இயக்கும். என்னைப் போன்ற சாஃப்ட்வேர்காரர்களுக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும் புரோகிராம் அது.

கப்பல் சாயுமா என்பது வேறு கணக்கு. அதை உங்கள் வீட்டு எக்ஸெலிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு செல்லில் கப்பலின் எடை 3000 டன். அடுத்ததில் ஸ்திரத்தன்மையின் அளவான மெட்டாசென்ட்ரிக் உயரம் 0.5 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 1500. சங்கிலி 100 டன் விசையுடன் கீழே இழுக்கிறது. இழுக்கும் இடம் நடுவிலிருந்து 1 மீட்டர் விலகியுள்ளது என்று வையுங்கள். 100-ஐ 1500-ஆல் வகுத்து ஏட்டேன், டிகிரீஸ் ஃபங்ஷன்களில் கொடுத்தால் சாய்வு சுமார் 4 டிகிரி வரும். விலகலை 3 மீட்டராக மாற்றுங்கள். 11 டிகிரிக்கு மேல்! சங்கிலி அதே சங்கிலிதான், இடம் மட்டுமே மாறியது. (சிறிய கோணங்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு சரி. எண்களும் உதாரணத்துக்காக நான் வைத்தவை.)

இன்னொரு சிக்கல் இருக்கிறது. சங்கிலி பக்கவாட்டிலும் இழுக்கும். அது இழுப்பது மேல்தளத்தில். கப்பல் நகராமலிருக்க த்ரஸ்டர்கள் எதிர்த்துத் தள்ளுவதோ நீருக்கடியில். மேலே ஒரு பக்கம், கீழே மறுபக்கம் என்றால் இரண்டும் சேர்ந்து கப்பலைச் சாய்க்கவே செய்யும். கப்பலை அதே இடத்தில் பிடித்துவைக்கும் வேலை சரியாக நடக்க நடக்கச் சாய்வு கூடுகிறது. திரையில் எர்ரர் மெசேஜ் எதுவும் வராது.

2007 ஏப்ரல் 12 அன்று ஷெட்லாந்துக்கு மேற்கே ரோஸ்பேங்க் எண்ணெய் வயலில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். 'பூர்பன் டால்ஃபின்' 2006-ல்தான் நார்வேயில் கட்டப்பட்ட புத்தம்புதுக் கப்பல். சுமார் 1100 மீட்டர் ஆழக் கடலில் 'ட்ரான்ஸ்ஓஷன் ராதர்' ரிக்கின் நங்கூரத்தைக் கொண்டு சென்றபோது காற்றும் நீரோட்டமும் அதைப் பாதையிலிருந்து தள்ளின. சங்கிலியை ஓர் இடத்தில் தடுத்து நிறுத்தும் கம்பங்களில் உட்பக்கத்துக் கம்பம் கீழே இறக்கப்பட்டது. சங்கிலி வெளிப்பக்கத்துக் கம்பத்துக்குத் தாவியது. நம் எக்ஸெலில் 1-ஐ 3 ஆக்கினோமே, அதேதான். கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது. அவசரமாகச் சங்கிலியை விடுவிக்கும் பொத்தானை அழுத்தியும் சங்கிலி வேகமாக ஓடவில்லை. கப்பல் கவிழ்ந்தது. 15 பேரில் 8 பேர் இறந்தனர்.

நார்வே அரசு அமைத்த விசாரணைக் குழு 2008-ல் அறிக்கை தந்தது. ஒரே ஒரு காரணத்தின் மீது அது பழி போடவில்லை. எனக்கு அதில் உறுத்துவது, நங்கூரம் கையாளும் வேலைக்கென்று தனி ஸ்திரத்தன்மை விதிகள் அப்போது இருக்கவில்லை என்பதே. டெஸ்ட் கேஸ் பட்டியலில் அந்தக் கப்பலின் முக்கியமான வேலையே இல்லை என்பது போல!

இப்போது விதி இருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2016-ல் ஏற்று, 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த திருத்தத்தின்படி, சங்கிலி எந்தக் கோணத்தில் இருந்தால் எத்தனை டன் இழுவிசை வரை தாங்கலாம் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, வின்ச் இயக்குபவர் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும்.